தானாகத் திறக்கும் இயக்குநர்

எங்கள் மருத்துவமனையில் கணினிகள் திறப்பதில்லை, எழுந்தருளுகின்றன. சுவிட்சைத் தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அதற்குமேல் எதுவும் நம் கையில் இல்லை. என்னை டயாலிசிஸ் பிரிவின் டோக்கன் கவுண்டருக்கு மாற்றிய அன்றே இதைச் சொல்லிவிட்டார்கள். அதற்கு முன் நான் துணிக்கிடங்கில் இருந்தேன். அங்கே அலமாரியைத் திறந்தால் போர்வை இருக்கும். போர்வைக்கு முன்னால் எவரும் வந்து நின்று சொற்பொழிவு ஆற்றியதில்லை.

முதல் நாள் சுவிட்சைப் போட்டேன். திரை வெளுத்தது. அதில் எங்கள் மருத்துவமனையின் இயக்குநர் வந்தார். கோட்டுப் போட்டுக்கொண்டு, பின்னால் தடிதடியான புத்தகங்களை அடுக்கிவைத்துக்கொண்டு, "அன்புப் பணியாளர்களே!" என்றார். ஒரு நொடியைக்கூட வீணாக்கக் கூடாது என்பது அவர் பேச்சின் சாரம். அதை அவர் மிகவும் நிதானமாக விளக்கினார். மூலையில் ஒரு பெருக்கல் குறி இருந்தது. அதைத் தட்டினேன். அவர் புன்னகைத்து, மறுபடி "அன்புப் பணியாளர்களே!" என்று ஆரம்பித்தார். இடையில் மூடப் பார்த்தால் முதலிலிருந்து வருவாராம். எந்த கவுண்டரில் எத்தனை தடவை மூடப் பார்த்தார்கள் என்ற கணக்கும் மேலே போய்விடுமாம்.

அவர் போனதும் ஒழுங்குப் பிரிவின் உறுதிமொழி வந்தது. கீழே "ஏற்கிறேன்" என்று ஒரே ஒரு பொத்தான். பிறகு மின்சிக்கனப் பிரிவின் விளக்கு ஒன்று தோன்றி, தேவையில்லாமல் எரியும் எதையும் அணைக்கும்படி சொல்லிவிட்டு எரிந்துகொண்டே நின்றது. பிறகு வேகப் பிரிவு. கணினி ஏன் மெதுவாக இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் நிரல் அது. ஓர் ஆமை வட்டமாக ஊர்ந்தது. ஆமை நிற்கும்வரை வேறெதுவும் அசையவில்லை. பிறகு சமையலறைப் பிரிவு. அவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை போலிருக்கிறது. ஒரு கரண்டி வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. கடைசியாகப் பழைய இயக்குநர் வந்து, "விரைவில் உங்கள் ஒவ்வொருவரையும் நேரில் வந்து சந்திப்பேன்" என்றார். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாயிற்று. பட்டியலிலிருந்து எடுத்தால் மரியாதைக் குறைவாகிவிடும் என்று விட்டுவைத்திருக்கிறார்கள். அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றாமல் இருக்க வேண்டுமே என்று தினமும் வேண்டிக்கொள்வேன்.

இவ்வளவும் ஓய்ந்த பிறகு இயக்குநரின் முழு உருவப் படம் திரையை நிறைக்கும். அவருடைய இடது ஷூவுக்குப் பக்கத்தில் எறும்பு மாதிரி ஒரு சின்னப் படம். அதுதான் டோக்கன் போடும் நிரல். அதைக் கையால் தட்டித் திறக்க வேண்டும்.

ஏன் இப்படி என்றால், ஒரு பிரிவு பெரியதா சின்னதா என்பதை இங்கே இதைவைத்துத்தான் அளக்கிறார்கள். ஒருவரை ஒருவர் சந்தித்தால், "உங்களோடது தானா திறக்குதா, இல்ல தட்டித் திறக்கணுமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். தட்டித் திறக்கிற பிரிவுக்காரன் தலையைக் குனிந்துகொள்வான். கல்யாணத்துக்கு வந்த உறவெல்லாம் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, மாப்பிள்ளையைச் செருப்பு விடும் இடத்தில் நிற்கவைத்த கதைதான்.

இதெல்லாம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, விசில் மாஸ்டரைப் பார்க்கும்வரை.

மாஸ்டர் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து நாற்காலியில் படுத்து ரத்தத்தை மெஷினில் கழுவிக்கொண்டு போவார். கழுத்தில் அந்தப் பழைய விசில் இன்னும் தொங்கும். அவருக்கு முதல் ஷிப்டு. அந்த ஷிப்டு தொடங்குவதற்குள் என் கணினியிலிருந்து டோக்கன் வர வேண்டும். வராவிட்டால் ஆஸ்பத்திரியின் பெரிய கணினி அவரை "வராதவர்" என்று குறித்துவிட்டு நாற்காலியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். கையால் எழுதிக் கொடுத்தால் செல்லாது. ஒரே மாதத்தில் இரண்டு தடவை "வராதவர்" ஆனால் "ஆர்வமற்ற நோயாளி" என்று பெயர் மாறிவிடும். அதோடு நாற்காலி நிரந்தரமாகப் போய்விடும். வேறு நாற்காலி கிடைக்கக் காத்திருப்போர் வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டும். அந்த வரிசையில் கடைசியில் நிற்கிற ஆள் முன்னால் வந்து சேருவதற்கு அவர் உடம்பும் ஒத்துழைக்க வேண்டுமே.

ஒரு நாள் ஆமை நிற்கவில்லை. ஊர்ந்துகொண்டே இருந்தது. மாஸ்டர் என் கண்ணெதிரே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். ஆமை நின்று, கரண்டி சுற்றி, செத்துப்போனவர் வந்து வாக்குக் கொடுத்துவிட்டுப் போய், நான் டோக்கன் நிரலைத் தட்டியபோது அவர் பெயருக்கு நேரே சிவப்பில் இருந்தது: "வராதவர்".

"நான் இங்கதானே தங்கச்சி நிக்கறேன்?" என்றார் மாஸ்டர்.

"நிக்கறீங்க மாஸ்டர். ஆனா வரலை."

"ஸ்கூல்ல நானே அட்டெண்டன்ஸ் எடுத்திருக்கேன். கண்ணு முன்னால நிக்கற பையனுக்கு ஆப்செண்ட் போட்டதில்லம்மா."

உள்ளே போய் சிஸ்டரிடம் கெஞ்சினேன். "டோக்கன் இல்லாம மெஷின்ல போட்டா என் வேலை போயிடும்கா" என்று அவள் கண்கலங்கினாள். மாஸ்டர் திரும்பிப் போனார். மறுநாள் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். முகம் ஊதிக் கண் சின்னதாகிவிட்டது. செருப்பு காலில் நுழையவில்லை. மூச்சை வாங்கி வாங்கி விட்டார். அவசரப் பிரிவில் எப்படியோ காப்பாற்றினார்கள். அவர் மனைவி நேரே என் கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏம்மா, அவர் வந்தாரா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"வந்தாரும்மா."

"அப்ப வந்த மனுஷனை வரலைன்னு எழுத உனக்கு எப்படிம்மா மனசு வந்தது?"

நான் எழுதவில்லை, கணினி எழுதியது என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாகக் கோபமாக இருந்தது. இன்னொரு தடவை நடந்தால் நாற்காலி போய்விடும் என்பது அந்த அம்மாளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முதலில் சாதுவாகத்தான் வழி தேடினேன். சீக்கிரமே வந்து கணினியைப் போட்டேன். "அலுவல் நேரம் இன்னும் தொடங்கவில்லை. இயக்குநர் அலுவல் நேரத்தில் மட்டுமே உரையாற்றுவார்" என்று எழுதிக்காட்டிவிட்டு அது உறங்கியது. சரி, சாயங்காலம் அணைத்தால்தானே காலையில் எழுப்ப வேண்டும் என்று அணைக்காமலே வீட்டுக்குப் போனேன். மின்சிக்கனப் பிரிவின் விளக்கு என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. ராவெல்லாம் எரிகிற விளக்குக்கு அடுத்தவன் எரிந்தால் மட்டும் பொறுக்காது. மறுநாள் என் மேசைமேல் கண்டனக் கடிதம் இருந்தது.

பிறகுதான் தானியங்கித் தொடக்கப் பிரிவுக்குப் போனேன். அப்படி ஒரு பிரிவு இருக்கிறது. எந்தெந்த நிரல் தானாகத் திறக்கலாம், யாருக்குப் பின்னால் யார் திறக்கலாம் என்று தீர்மானிப்பது அவர்கள் வேலை. அதன் தலைவரைத் தொடக்க அதிகாரி என்பார்கள். மாஸ்டர் கதையை முழுக்கச் சொல்லி, டோக்கன் நிரலை முதலில் திறக்கும்படி செய்யுங்கள் என்றேன்.

"நீங்க சொல்றது வேலை சம்பந்தப்பட்ட நிரல் ஆச்சேம்மா" என்றார், நான் ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்டதுபோல.

"ஆமா சார். அதுக்குத்தானே கம்ப்யூட்டர்?"

"வேலைங்கிறதைக் கையாலதான் திறக்கணும். அதுதான் உழைப்புக்கு நாம குடுக்கற மரியாதை. தானா திறந்துட்டா அப்புறம் அதுல உங்க உழைப்பு எங்க இருக்கு?"

"நோயாளி செத்துடுவாரு சார்."

"அப்படியெல்லாம் பேசக் கூடாது. கோரிக்கையா எழுதிக் குடுங்க. நாலு பிரதி. பரிசீலிக்கறேன்."

பரிசீலித்தார்கள். குழு கூடியது. என்னையும் கூப்பிட்டு ஓர் ஓரத்தில் உட்காரவைத்தார்கள். வேகப் பிரிவின் தலைவர் எழுந்து, தம் ஆமையை எடுத்துவிட்டால் கணினி வேகமாகிவிடும், பிறகு மெதுவாக இருப்பதற்கான காரணத்தை யார் கண்டுபிடிப்பது என்று கேட்டார். ஒழுங்குப் பிரிவு, உறுதிமொழி ஏற்காத கையால் டோக்கன் போடுவதை நினைத்தே பார்க்க முடியவில்லை என்றது. சமையலறைப் பிரிவின் தலைவர் அழுதேவிட்டார். "எங்க கரண்டியை உள்ள கொண்டுவர நாங்க எத்தனை வருஷம் பாடுபட்டோம் தெரியுமா?" என்றார். கடைசியில், நோயாளிகளின் துயரத்தைக் கருத்தில் கொண்டு, குழு ஒருமனதாக ஒரு தீர்மானம் போட்டது: தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கும் நிரல் ஒன்று புதிதாகச் செய்யப்பட்டு, தொடக்கத்திலேயே தானாகத் திறக்கும்.

திறந்தது. "தாமதத்துக்கு வருந்துகிறோம்" என்று வந்து, கைகூப்பி, போகாமல் நின்றது. குதிரை கீழே தள்ளியதோடு நில்லாமல் குழியும் பறித்ததாம்.

அன்று வீட்டில் புலம்பித் தீர்த்தேன். என் வீட்டுக்காரர் சுவருக்கு வர்ணம் அடிக்கிறவர். அதிகம் பேச மாட்டார். "ஒண்ணு அதையெல்லாம் தூக்கிக் கடாசு, இல்ல பொலம்பறதை நிறுத்து. வேலை போனா என்கூட வந்து சுண்ணாம்பு கரை" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காலையில் கணினி மெக்கானிக்கைப் பிடித்தேன். தலை நரைத்த மனிதர், பயந்த சுபாவம். ஒப்பந்தத்தில் இருக்கிறவர், எப்போது வேண்டுமானாலும் அனுப்பிவிடலாம். இந்தக் கூட்டத்தையெல்லாம் எப்படி எடுப்பது என்று கேட்டேன்.

"அக்கா, அதை மட்டும் நான் சொல்லவே மாட்டேன்" என்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். "ஆனா எதைச் செய்யக் கூடாதுன்னு எச்சரிக்கறது என் கடமை. இங்க வலது பக்கம் தட்டினா ஒரு பட்டியல் வரும் பாருங்க. தட்டாதீங்க. அதுல ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல ஒரு டிக்கு இருக்கும். அதை எடுத்தீங்கன்னா அந்த நிரல் இனிமே தானா திறக்காது. எடுத்துடாதீங்க. இதோ இங்க டோக்கன் நிரலுக்கு ஒரு டிக்கு போட்டா, அது மட்டும் தானா திறந்துடும். போட்டுடாதீங்க."

"சரிங்க, மாட்டேன்" என்றேன்.

அவர் தலை மறைந்ததும் உட்கார்ந்தேன். ஆமையை எடுத்தேன். விளக்கையும் உறுதிமொழியையும் மன்னிப்பையும் எடுத்தேன். கரண்டியை எடுக்கும்போது கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது, எடுத்தேன். பழைய இயக்குநரிடம் "போய் நிம்மதியா இருங்கய்யா" என்று சொல்லி எடுத்தேன். இயக்குநர் பெயருக்கு வந்தபோது கை ஒரு கணம் நின்றது. மாஸ்டரின் காலில் நுழையாத செருப்பு ஞாபகம் வந்தது. எடுத்துவிட்டேன். டோக்கன் நிரலுக்கு ஒரு டிக்கைப் போட்டேன். கணினியை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் டோக்கன் நிரல் வந்து நின்றது. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அதன்பிறகு முதல் ஷிப்டுக்காரர்கள் ஒருவர் விடாமல் நேரத்துக்கு நாற்காலியில் ஏறினார்கள். மாஸ்டரின் முகம் வற்றிப் பழையபடி ஆயிற்று. இதில் வேடிக்கை என்னவென்றால், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. ஆமை என் கவுண்டருக்கு வராததை வேகப் பிரிவு கவனிக்கவில்லை. கரண்டி சுற்றாததைச் சமையலறை கவனிக்கவில்லை. தானாகத் திறக்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு முக்கியம். எவர் பார்க்கிறார் என்று அவர்கள் எந்தக் காலத்திலும் திரும்பிப் பார்த்ததில்லை.

வினை வேறு வழியாக வந்தது. எனக்குப் பரிசு கொடுத்துவிட்டார்கள்.

தொடக்க அதிகாரி மூச்சிரைக்க ஓடிவந்தார். இயக்குநர் உரையை இடையில் மூடப் பார்த்தவர்களின் கணக்கு மேலே போகும் என்றேன் அல்லவா? எல்லா கவுண்டரிலும் மனிதர்கள் அந்தப் பெருக்கல் குறியைக் கொத்திக் கொத்திக் குதறியிருக்கிறார்கள். என் கவுண்டரில் மட்டும் இந்த மாதம் ஒரு தடவைகூட இல்லை.

"இந்த மாசம் ஒரு நாள் கூட நீங்க ஐயாவை பாதியில நிறுத்தலையேம்மா!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பரிசு உங்களுக்குத்தான். ஐயா நேர்லயே வராரு. நீங்க எப்படிப் பாக்கறீங்கன்னு அவரு பாக்கணுமாம். மத்த கவுண்டர்காரங்களும் வந்து கத்துக்கணும்னு உத்தரவு."

"எப்ப சார்?"

"நாளைக்குக் காலையில. முதல் ஷிப்டுக்கு முன்னால."

அன்று மாஸ்டரின் நாள். மாதமும் இன்னும் முடியவில்லை. பயந்துகொண்டு பழையபடி எல்லா டிக்கையும் போட்டுவைத்தால் நான் தப்பிப்பேன், மாஸ்டர் போய்விடுவார். சாயங்காலம் கவுண்டரைப் பூட்டும்போது பட்டியலைத் திறந்து ஒரு முறை பார்த்தேன். அப்படியே மூடிவிட்டேன். ஆனது ஆகட்டும்.

மறுநாள் என் கவுண்டருக்கு முன்னால் கால் வைக்க இடமில்லை. எல்லா கவுண்டர்காரர்களும் கொட்டாவியோடு நின்றார்கள். நோயாளிகளைச் சுவரோரமாக ஒதுக்கிவிட்டார்கள். கணினியின் முன்னால் ஒரு சின்ன நீலத் துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். இயக்குநர் வந்தார். திரையில் பார்த்ததைவிடக் குள்ளம். நான் சுவிட்சைப் போட்டேன். அவர் கயிற்றை இழுத்தார், துணி விலகியது. டோக்கன் நிரல் அதற்குள் திறந்து காத்துக்கொண்டிருந்தது.

இயக்குநர் குனிந்து பார்த்தார். பக்கவாட்டில் பார்த்தார்.

"நான் எங்க?" என்றார்.

"கொஞ்சம் பொறுங்கய்யா, வந்துடுவீங்க" என்றார் தொடக்க அதிகாரி.

எல்லோரும் காத்திருந்தார்கள். இயக்குநர் வரவில்லை. தொடக்க அதிகாரிக்கு வியர்த்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு, "என்னய்யா ஆச்சு? என்ன பண்ணியிருக்கா, காட்டு!" என்று கத்தினார்.

மெக்கானிக் நடுங்கிக்கொண்டே வந்தார். "நான் அப்பவே எச்சரிச்சேன் சார்! இங்க வலது பக்கம் தட்டாதீங்கன்னு சொன்னேன். இதோ, இந்தப் பட்டியல்ல, இந்த டிக்கை எடுத்துடாதீங்கன்னு சொன்னேன். பின்னால நிக்கறவங்களுக்குத் தெரியுதா? இந்த டிக்குதான்!"

பின்னால் நின்ற கவுண்டர்காரர்கள் கொட்டாவியை நிறுத்திவிட்டு எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

இயக்குநர் என்னைப் பார்த்தார். "என்னை எடுத்துட்டியா?"

"ஆமா சார். நீங்க வந்து போறதுக்குள்ள இவங்க நாற்காலி போயிடுது."

"நாற்காலி இன்னைக்குப் போகும், நாளைக்கு வரும்மா. நோயாளிங்க வருவாங்க போவாங்க. தொடக்கம்னு ஒண்ணு இருக்கில்ல? சுவிட்சைப் போட்டதும் நேரா வேலை வந்து நின்னா ஜனங்க என்ன நினைப்பாங்க? அதுக்குப் பழகிட்டாங்கன்னா, நாமல்லாம் எதுக்கு இருக்கோம்னு கேட்டுட மாட்டாங்களா?" சொன்னவர், தொடக்க அதிகாரி பக்கம் திரும்பினார். "எல்லாத்தையும் திரும்பப் போடுங்க. இப்பவே போட்டு முதல்லேருந்து ஓட்டுங்க."

அதிகாரி மவுசை நோக்கிக் கையை நீட்டினார். நான் என் உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"முடியாது சார்."

"என்னது?"

"முடியாது. படம் எதுக்கு? அதான் நேர்லயே வந்துட்டீங்களே. நீங்க பேசுங்க, நான் டோக்கன் போடறேன்."

இயக்குநர் வாயைத் திறப்பதற்குள் சுவரோரத்திலிருந்து விசில் பறந்தது. காது கிழிந்தது. பரம்பரை பரம்பரையாகப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை நடுங்கவைத்த விசில் அது.

"லைன்ல நில்லுங்க!" என்றார் மாஸ்டர். "நேரா! இடிக்காம! ஒருத்தர் பின்னால ஒருத்தர்!"

நின்றார்கள். வீங்கிய காலோடும் கையில் கட்டோடும் அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். வரிசைக்குக் குறுக்கே நின்ற ஒழுங்குப் பிரிவின் தலைவரும் பழக்கதோஷத்தில் வரிசையிலேயே நின்றுவிட்டார். இயக்குநர் தொண்டையைச் செருமி, "அன்புப் பணியாளர்களே!" என்று ஆரம்பித்தார். அவருக்கு வேறெப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நான் டோக்கனைப் போட்டுக்கொண்டே இருந்தேன். ஒவ்வொருவரும் வாங்கிக்கொண்டு அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். இடையில் நிறுத்தினால் முதலிலிருந்து வருவார் என்பது தெரிந்ததால் யாரும் அவரை இடைமறிக்கவில்லை. ஒரு நொடியைக்கூட வீணாக்கக் கூடாது என்ற இடத்துக்கு அவர் வந்தபோது, மாஸ்டர் நாற்காலியில் சாய்ந்து கையை நீட்டிவிட்டிருந்தார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி முழுவதும் ஒரே அமைதி. எந்த கவுண்டரிலிருந்தும் "அன்புப் பணியாளர்களே" கேட்கவில்லை. மருந்துக் கவுண்டரில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எக்ஸ்ரேக் கவுண்டரில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தார்கள். யார் டிக்கை எடுத்தது என்று கேட்டால் எல்லோரும் என்னைக் கைகாட்டினார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

என்மேல் விசாரணை. விசாரிப்பவர் தொடக்க அதிகாரி. அவர் அறையில், குற்றப்பத்திரிகை கணினிக்குள் இருப்பதாகச் சொல்லிச் சுவிட்சைப் போட்டார். அந்தக் கணினியில் மட்டும் எல்லாம் அப்படியே இருந்தன. இயக்குநர் வந்தார். உறுதிமொழி வந்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே "ஏற்கிறேன்" என்றார். விளக்கு வந்தது. மன்னிப்பு வந்து கைகூப்பியது. ஆமை புறப்பட்டது.

நாங்கள் இருவரும் ஆமையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் பெருமூச்சு விட்டார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அன்னைக்குப் பதற்றத்துல நான் சரியாப் பாக்கலை. எங்கம்மா இருக்கு அந்த டிக்கு?"

நான் எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டேன்.

"அது வேலை சம்பந்தப்பட்டது சார். கையால தேடித் திறக்கணும். அதுதான் உழைப்புக்கு நாம குடுக்கற மரியாதை. இல்லைன்னா கோரிக்கையா எழுதிக் குடுங்க, நாலு பிரதி."

"எங்க போறீங்க? விசாரணை இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!"

"ஆரம்பிச்சதும் கூப்பிடுங்க சார்" என்றேன். "எனக்கு முதல் ஷிப்டுக்கு ஆளுங்க நிக்கறாங்க."

நடைக்கூடத்தின் கோடியில் விசில் ஒலித்துக்கொண்டிருந்தது.